அப்பா முகம் மழிக்காத கோடை

என் வயதை ஒத்தவர்களே, இன்று நம் தெருக்களில் தாடி இல்லாத இளைஞனைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. ஆழ்வார்பேட்டையில் நான் மருந்து வாங்கும் கடையில், தாடிக்கென்றே எண்ணெயும் சீப்பும் தனித் தட்டில் அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு இளைஞன் அண்மையில் தாடி வளர்க்கத் தொடங்கினான். முதலில் முள்ளாகக் குத்தும், பிறகு அரிக்கும், அரிப்பைப் பொறுத்துக்கொண்டால் மென்மையாகிவிடும், ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வளரும், அதற்காக மனந்தளரக் கூடாது. இவ்வாறெல்லாம் அவனுடைய கைப்பேசி அவனுக்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தது. “எல்லாம் உண்மைதான்” என்றேன். “உங்களுக்கு எப்படி ஆன்ட்டி தெரியும்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

நான் மறுமொழி சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியிருந்தால், அந்தக் கைப்பேசி சொல்லாமல் விட்டவற்றையும் சொல்லியாக வேண்டும்.

அப்போது நாங்கள் மயிலையில், குளத்துக்குப் பின்னாலிருக்கும் ஒரு தெருவில், பல குடும்பங்கள் கூடி வாழ்ந்த வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். நடுவில் முற்றமும் கிணறும். மாடியில் ஒரு மாமி. கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லாதவர். கீழே நாங்கள் மூவர்: அப்பா, அம்மா, நான். மூவராக மட்டும் இருந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு முன் ஒன்றும் எனக்குப் பின் ஒன்றுமாக இரு மகவுகள் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போயின. இரண்டாவதை எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அம்மாவின் மடியில் ஒரு வெள்ளைத் துணிச்சுருள். அதன் வழியே தெரிந்த ஒரு குதிகால்.

அப்பா தியாகராய நகரில் ஒரு பட்டுக்கடையில் விற்பனையாளர். அந்நாள் பட்டுக்கடைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை விரிப்பிட்ட மெத்தையின் மீது விற்பவர் அமர்ந்திருப்பார். வாங்குவோர் எதிரே அமர்வார்கள். இடையில் ஒரு கை நீளமே இருக்கும். புடவையைப் பிரித்து வீசுவதும், முந்தானையைத் தம் தோளில் இட்டு ஒளியில் திருப்பிக் காட்டுவதும் அவர் வேலை. முகம் பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத கட்டளை. ஆகவே அப்பா நாள்தோறும் விடியலில் கிணற்றடியில் அமர்ந்து முகம் மழிப்பார். அலுமினியக் குவளையில் வெந்நீர்; நுரை பொங்கும் வட்டச் சோப்பு; சுவர் ஆணியில் தொங்கும், பாதரசம் உதிர்ந்த கண்ணாடி. முடிந்ததும் ஈரமான படிகாரக் கட்டியால் கன்னத்தைத் தடவிக்கொள்வார். தேய்ந்து தேய்ந்து மீனின் முதுகு போல் வளைந்துவிட்ட கட்டி அது. அதன் துவர்ப்பு மணம்தான் எனக்கு அப்பாவின் மணம்.

மாசி மாதத்தில் ஒரு நாள், அவர் மழித்து முடித்த பின்னும் கண்ணாடியை விட்டு அகலவில்லை. அம்மா அருகே சென்று அவருடைய தாடையை ஒளிப்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அன்று மாலை அம்மியில் ஏதோ அரைபட்டது. தோல் நோய்க்கு அரைத்துப் பூசும் கார்போகரிசி என்று பின்னாளில் அறிந்தேன். அந்தக் காரநெடி வீடெங்கும் நிறைந்தது. “என்னம்மா அது?” என்றேன். “அப்பாவுக்கு மரு. போய்ப் படி” என்றாள்.

அது மருவன்று. இடத்தாடையின் கீழே, புளியங்கொட்டை அளவில், தோல் நிறமிழந்து வெளுத்திருந்தது. அது பிறரைத் தொற்றாது, உடலுக்குத் தீங்கும் செய்யாது என்று இன்று பள்ளிக் குழந்தைகளுக்கும் சொல்லித் தருகிறார்கள். அன்று அதற்கு ஊரார் வைத்திருந்த பெயர் வேறு. அந்தப் பெயரோடு சேர்ந்து வந்த அச்சமும் வேறு. கை நீள இடைவெளியில் எதிரே அமர்ந்து மணப்பெண்ணுக்குக் கூறைப்புடவை தேர்ந்தெடுப்போர், அந்தத் தாடையைக் கண்டால் எழுந்துபோய்விடுவார்கள். மெத்தையில் அவருக்கிருந்த இடம் போய்விடும். அப்பா மழிப்பதை நிறுத்தினார்.

முள்ளாகக் குத்திய நாள்களில் அவர் என்னை முத்தமிடவில்லை. அரிப்புத் தொடங்கியபோது, உண்ணும்போதும் இடக்கை தாடையிலேயே இருந்தது. வேப்பெண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும் என்று யாரோ சொல்ல, அந்தக் கசப்பு மணம் தலையணையில் ஏறியது. மோர்த்துளிகள் தாடியில் நின்றுவிடும்; அம்மா கண்ணால் சுட்டுவாள், அவர் துண்டால் துடைப்பார். வெயில் ஏற ஏற வியர்வை தாடிக்குள் தங்கிச் சிவந்த கொப்புளங்களாயிற்று. தெருமுனையில் நிற்கும் ரிக்‌ஷாக்காரர் நாள்தோறும் கேட்பார்:

“இன்னா நைனா, தாடி வச்சுக்கினு கீற? சாமியாரா பூடப்போறியா?”

“ஆமாப்பா. நீதான் மொத சீடன்.”

“நமக்கு வாணாம்பா. சாமியார் ரிக்‌ஷா இஸ்தா எவன் காசு குடுப்பான்?”

அப்பா சிரித்துக்கொண்டே பேருந்துக்குப் போவார். தெருமுனை திரும்பியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்பது அவரோடு நடந்த எனக்குத் தெரியும்.

தாடி வளர்க்கும் ஒருவர் எதிர்பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது ஒன்றுண்டு: அதன் பொருளை அவர் முடிவு செய்வதில்லை; பார்ப்பவர்களே முடிவு செய்கிறார்கள். கறுப்பு உடுத்தியிருந்தால் மலைக்கு மாலை. வீட்டில் சாவு நேர்ந்திருந்தால் துயரம். இரண்டும் இல்லையென்றால், மணமான ஆணின் தாடிக்கு நம்மவர் கண்ட பொருள் ஒன்றே: மனைவி கருவுற்றிருக்கிறாள். பிள்ளை பிறக்கும்வரை கணவன் முடி களைய மாட்டான்.

முதலில் அப்படிப் பொருள் கொண்டவர் கடை முதலாளி. தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்து கடை வைத்தவர். பருத்த குரல், கூர்ந்த கண். தாடியோடு மெத்தையில் உட்காரக் கூடாது என்று சொல்ல வந்தவர், சற்றே நிறுத்தி, “என்னவே, வீட்ல விசேசமா?” என்று கேட்டாராம். அப்பா தலையைக் குனிந்தார். அவ்வளவுதான். “சொல்லப்படாதா இத? நல்லா இருக்கட்டும். பிள்ள பொறந்த மறுநா எடுத்துரும்” என்று அவர் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை.

இரண்டாவது மாடி மாமி. ஒரு வெள்ளிக்கிழமை, கிணற்றடியில் நீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பாவை மேலிருந்து பார்த்துவிட்டு, படியிறங்கி நேரே சமையற்கட்டுக்கு வந்தார்.

“ஏண்டி, என்கிட்ட மறைக்கறியா? உங்காத்துக்காரர் தாடியைப் பார்த்துட்டேன். எத்தனை மாசம்?”

அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். முற்றத்தில் அப்பா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் இருந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் நீரைப் பார்த்தார். கடையில் நடந்தது அதுவரை அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு கணத்தில் தெரிந்துகொண்டாள் என்று இப்போது எண்ணுகிறேன்.

“இப்பதான் மாமி” என்றாள்.

“இந்தத் தடவை ஒண்ணும் ஆகாது. நான் கற்பகாம்பாளுக்கு வேண்டிண்டுடறேன். நீ பளு தூக்காதே. ஏய் குட்டி, இனிமே நீதான் தண்ணி தூக்கணும், தெரிஞ்சுதா?”

அன்று முதல் மாடியிலிருந்து மூடிய கிண்ணங்கள் இறங்கின. மாங்காய்த் தொக்கு, எலுமிச்சைச் சோறு, குங்குமப்பூ இட்ட பால், நெய் மணக்கும் பொரிவிளங்காய் உருண்டை. எனக்குக் கொண்டாட்டம். அம்மா தன் பங்கை எனக்குத் தந்துவிடுவாள் என்று நினைத்தேன், தரவில்லை. மாமி எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா ஒவ்வொரு கவளமாக உண்பாள். மாமி படியேறியதும் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். வயிறு நிறைந்ததால் களைத்திருக்கிறாள் என்று நான் கருதினேன்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் அப்பா என்னைக் கடைக்கு அழைத்துச் சென்றார். புதுப்பட்டின் கஞ்சி மணமும், ஊதுவத்தியும், மின்விசிறிக் காற்றில் படபடக்கும் விலைச்சீட்டுகளும் இன்றும் என் நினைவில் இருக்கின்றன. முதலாளி என் கையில் ஒரு மிட்டாயை வைத்து, “ஏட்டி, தம்பி வரப்போறானாமே, ஒனக்குச் சந்தோசந்தானா?” என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஒரு புடவையை மடிப்பதில் மிகுந்த கவனத்தோடு இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடினேன். “தம்பி வரப்போறானாம்மா?”

கீரை ஆய்ந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. “யாரு கேட்டாலும் சிரி. பதில் சொல்லாதே” என்றாள். பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் காதை வைத்துக் கேட்டேன். வெறும் வயிற்றின் இரைச்சல்தான் கேட்டது; அதையே தம்பி என்று எண்ணி மகிழ்ந்தேன்.

இதற்கிடையில் ஒன்று நிகழ்ந்தது. எந்தக் கைப்பேசியும் அதைச் சொல்லியிராது. வெளுத்த தோலிலிருந்து வளரும் மயிரும் வெளுத்தே வளரும். கரிய தாடியின் இடப்பக்கத்தில், மறைக்க நினைத்த அதே இடத்தில், ஒரு வெள்ளைக் கீற்று முளைத்தது. நாளுக்கு நாள் நீண்டது. முன்பு தாடையின் அடியில் ஒளிந்திருந்தது இப்போது கொடிபோல் வெளியே வந்து தொங்கியது. அப்பா என் கண்மையை எடுத்து அதில் பூசத் தொடங்கினார். எங்கள் சிறிய வெள்ளிச் சிமிழ் விரைவில் காலியாயிற்று.

அக்கினி வெயிலில் மை எப்படி நிற்கும்? ஒரு நண்பகல், சந்தன நிறப் பட்டொன்றைத் தோளில் இட்டுக் காட்டியபோது, வியர்வையோடு கரைந்த மை முந்தானையில் இழுகிவிட்டது. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். முதலாளி அருகே வந்து பார்த்தார்; பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

“திருஷ்டிப் பொட்டா வே? பிள்ளத்தாச்சிக்கு வய்க்க வேண்டியத நீரு வச்சிட்டு வந்திருக்கீரே!”

கடை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்ததாகச் சொன்னார். இதை அவர் அம்மாவிடம் சொன்னபோது நான் பாயில் படுத்துப் புத்தகத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஆனி பிறந்ததும் மாமி வளைகாப்புக்கு நாள் பார்க்கத் தொடங்கினார். “உனக்கு வயிறே தெரியலையேடி” என்று அவ்வப்போது கவலைப்பட்டவர், “சிலருக்கு முதுகோட ஒட்டிண்டு இருக்கும்” என்று தாமே தேற்றிக்கொள்வார். கண்ணாடி வளையல்களுக்குக் கூடச் சொல்லிவிட்டார். இனியும் சும்மா இருக்க இயலாது என்பது பெற்றோர் இருவருக்கும் விளங்கிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உறங்குவதாக அவர்கள் நினைத்தார்கள்.

“தங்கலைன்னு சொல்லிடேன்” என்றார் அப்பா. “முன்னாடி ரெண்டு தடவை ஆனதுதானே. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. துக்கம்னு சொல்லி இன்னும் கொஞ்ச நாள் தாடியை வெச்சுக்கலாம்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“என்னன்னு சொல்லணும்?”

“தங்கலைன்னு.”

“அப்புறம் மாமி வந்து கட்டிப்பிடிச்சு அழுவாங்க. நானும் அழணும். அதானே?”

அப்பா தாடியைத் தடவிக்கொண்டார்.

“ரெண்டு பிள்ளையை என் கையால தூக்கிக் குடுத்திருக்கேன். வராத மூணாவதை நானே சாகடிச்சு அதுக்கும் அழச் சொல்றீங்களா? அது என்னால ஆகாது.”

“வேலை போயிடும்.”

“போகணும்னு நான் சொல்லலை. அழ மாட்டேன்னு சொல்றேன்.”

அம்மா முறத்தை எடுத்து மீண்டும் கல் பொறுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் விடியலில் கண்விழித்தபோது கிணற்றடியில் வெந்நீர் ஆவி எழுந்தது. அம்மாதான் கொண்டு வைத்திருந்தாள். அப்பா முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். கருமையும் வெண்மையுமாக மயிர்க்கற்றைகள் ஈரக் கல்லில் விழுந்தன. பிறகு நுரை. பிறகு கத்தி. கோடை முழுதும் மறைந்திருந்த முகம் சிறிது சிறிதாக வெளிவந்தது. தாடி மூடியிருந்த இடமெல்லாம் வெயில் படாமல் வெளிறியிருந்தது. அந்த வெளிறலின் நடுவிலும் அந்த இடம் தனித்துத் தெரிந்தது. அது புளியங்கொட்டை அளவில் இல்லை. இருட்டில் இருந்துகொண்டே, வாதாங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. எனக்கு அச்சம் தோன்றவில்லை. அப்பாவின் முகம் மெலிந்துவிட்டதே என்றுதான் தோன்றியது.

அப்போது மாடியில் ஓர் அலறல் எழுந்தது.

எங்களில் யாரும் எண்ணிப் பார்க்காதது அது. பிள்ளை பிறக்குமுன் கணவன் முகம் மழித்தால் அதற்கும் பொருள் ஒன்றே. மாமி தலைமுடி அவிழ, படிகளில் தடுமாறி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்.

“போயிடுத்தாடி? எப்போடி? ராத்திரியா? என்னைக் கூப்பிட்டிருக்கப்படாதா, பாவி!”

பிற குடித்தனக்காரர்களும் கதவைத் திறந்து வெளியே வந்தனர். அம்மா ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் நின்றாலே போதும். கடையில் அப்பாவுக்கு நேர்ந்ததுபோலவே அந்த மௌனமே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். மாமியின் கண்ணீர் அம்மாவின் தோளை நனைத்தது. அப்பா, துண்டால் பாதி முகத்தை மூடியபடி, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா மாமியின் கைகளை மெதுவாக விலக்கினாள்.

“போகலை மாமி. இருந்தாத்தானே போகும்.”

“என்னடி உளர்றே?”

“என் வயித்துல ஒண்ணுமே இல்லை. எப்பவும் இல்லை.” அப்பாவிடம் சென்று துண்டை விலக்கி, தாடையைப் பற்றி மாமியின் பக்கம் திருப்பினாள். “இவருக்கு இங்க வெள்ளை விழுந்திருக்கு. அதை மறைக்கத்தான் தாடி. நீங்க கேட்டீங்க, நான் ஆமான்னுட்டேன். தப்புதான்.”

கிணற்றடியில் நின்ற அனைவரும் பார்த்தார்கள். அப்பா கண்களை மூடிக்கொண்டார். ஆயினும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மாமி அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். “தினம் விளக்கேத்தினேனேடி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று மேலே போனார்.

அன்று மாலை அப்பா வழக்கமான நேரத்துக்கே திரும்பினார். அம்மா வாயிலில் நின்றாள்.

“முதலாளி என்ன சொன்னார்?”

“‘மெத்தையில இனி உக்காராண்டாம், கெடங்குல சரக்கு பிரியும்’னார். வேற ஒண்ணும் கேக்கலை. என் முகத்தையும் பாக்கலை.”

“புடவையைத் தொடக் கூடாதுன்னுட்டாரா?”

“தொடலாமாம். யாரும் பாக்காத இடத்துல தொடலாமாம்.”

ஓய்வு பெறும்வரை அப்பா அந்தக் கிடங்கிலேயே வேலை செய்தார். அவர் பிரித்துக் கொடுத்த பட்டுகளை எத்தனையோ மணப்பெண்கள் உடுத்தியிருப்பார்கள். மாடி மாமி எங்களோடு பேசுவதை நிறுத்தவில்லை. திருநாள்களில் வாசலில் நின்று நலம் கேட்பார். ஆனால் அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு மிடறு நீரும் அருந்தவில்லை. அது வெண்மைக்காகவா, பொய்க்காகவா என்பதை அம்மா கடைசிவரை அறிந்துகொள்ள முடியவில்லை. வெண்மைக்காக இருந்தால் மாமியை மன்னித்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னாள்.

நண்பர்களே, அப்பாவும் அம்மாவும் கணக்கிட்டதில் பிழையில்லை. உலகம் அவர்கள் அஞ்சியவாறே நடந்துகொண்டது. இழப்பு அந்த வெண்மையால் வரும் என்று மட்டும் அவர்கள் எதிர்பார்த்தார்கள். அதை மறைத்த கோடைக்கும் தனியே ஒரு விலை இருந்ததை எதிர்பார்க்கவில்லை.

அப்பா அதன்பின் ஒரு நாளும் மழிக்காமல் வெளியே போனதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல வெண்மை கழுத்துக்கும் கன்னத்துக்கும் பரவி, நெற்றியோரத்தில் மட்டும் பழைய நிறம் ஒரு தீவாக எஞ்சியது. முதுமையில் அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் அவர் நினைவிழந்து கிடந்தபோது, பல நாள் மழிக்கப்படாமல் தாடி வளர்ந்துவிட்டது. முழுவதும் வெண்மை. எந்தப் பக்கம் எதை மறைக்கிறது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. முடி திருத்துபவரை வரவழைக்கும்படி அம்மா கேட்டபோது, செவிலிப்பெண் தயங்கினாள்.

“எதுக்கும்மா? தாத்தாவுக்குத் தாடி நல்லாத்தானே கீது? ரிஷி மாதிரி.”

“நல்லாத்தான் இருக்கு. எடுத்துடச் சொல்லு.”

மழித்து முடித்ததும் அம்மா ஈரத்துணியால் அந்த முகத்தை ஒற்றி எடுத்தாள். தாடையைப் பற்றி வாயிற்பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு, வெளியே காத்திருந்த உறவினரை உள்ளே வரச் சொன்னாள்.